நிலம், மலை, கைபேசி: சட்டம் குறித்துச் சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் நீதிமன்றத்தில் வழக்காடும் எனக்கு வழக்குக் கட்டுகளைவிடக் கேள்விகளே அதிகம் வந்து சேர்கின்றன. அயோத்தியாப்பட்டணம் பக்கத்து விவசாயி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர், வாட்ஸ்அப் குழு நடத்தும் கல்லூரி மாணவர் எனக் கேட்பவர்கள் பலவகைப்பட்டவர்கள். எல்லோரும் "இது சட்டப்படி சரியா?" என்றே தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: "காரியம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? உங்கள் கைக்கு என்ன தாள் வந்திருக்கிறது?" சாலையானாலும் சுரங்கமானாலும் கைபேசியில் வந்த செய்தியானாலும், எது எதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதில்தான் இக்காலத்துச் சட்டச் சண்டைகள் பெரும்பாலும் நடக்கின்றன என்பது என் அனுபவம். கீழே வரும் விடைகளையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

எட்டுவழிச்சாலை வழக்கில் கடைசியில் வென்றது யார்?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்பவரை நம்ப வேண்டாம். சேலத்திலிருந்து சென்னைக்குக் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வழியே, ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளத்தில், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் போடத் திட்டமிடப்பட்ட சாலை அது. 2018இல் நிலமெடுப்பு அறிவிக்கைகள் வந்தன. வயல்களில் கல் நடப்பட்டது. எதிர்த்தவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்து, வருவாய்ப் பதிவேடுகளில் நில உரிமையாளர் பெயர்களை மீண்டும் ஏற்றும்படி உத்தரவிட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை மாற்றியது.

இரண்டு நீதிமன்றங்களும் மோதிக்கொண்ட இடம் ஒன்றுதான்: சுற்றுச்சூழல் அனுமதி எப்போது வாங்கப்பட வேண்டும்? நிலமெடுப்பைத் தொடங்கும் முன்பே வாங்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இன் 3ஏ பிரிவு அறிவிக்கை என்பது அரசு தன் நோக்கத்தை வெளியிடுவது மட்டுமே, அதற்கு முன் அனுமதி தேவையில்லை, ஆனால் வேலையைத் தொடங்கும் முன் அனுமதி கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம். பதிவேடுகளில் பெயர் மாற்றியது தவறு, பழைய பெயர்களை ஏற்ற வேண்டும் என்ற உத்தரவு மட்டும் நிலைத்தது. ஆக, அறிவிக்கை வழக்கில் அரசு வென்றது, பட்டா வழக்கில் விவசாயி வென்றார்.

உச்ச நீதிமன்றத்தின் தர்க்கத்தில் நியாயம் உண்டு. சாலை எந்தப் புல எண்கள் வழியே போகும் என்று தெரியாமல் சூழல் பாதிப்பை எப்படி ஆராய்வது? ஆனால் "நோக்கம் மட்டுமே" என்று சட்டம் சொல்லும் அந்த அறிவிக்கை வெளியான நாளிலிருந்தே, அந்தப் புல எண்ணை வாங்க ஆள் வருவதில்லை, வங்கியில் கடன் கேட்டால் மேலாளர் தயங்குகிறார், கிணறு வெட்டலாமா என்று உரிமையாளரே யோசிக்கிறார். தாளில் தொடக்கமாக இருப்பது வயலில் பாதி முடிவாகிவிடுகிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு இந்த வயல்நிலையை அருகிலிருந்து பார்த்தது என்பது என் எண்ணம்.

நிலத்தில் கல் நட ஆட்கள் வந்தால் தடுக்கலாமா?

அறிவிக்கை வந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. 3ஏ அறிவிக்கை மத்திய அரசிதழில் வெளியான பிறகு, அளக்கவும், மட்டம் எடுக்கவும், குழி தோண்டிப் பார்க்கவும், எல்லைக் கல் நடவும் 3பி பிரிவு அதிகாரம் தருகிறது. அதற்குமுன் வந்து கல் நட்டால் அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எந்த அறிவிக்கையின் பேரில் வந்திருக்கிறீர்கள் என்று எண்ணையும் தேதியையும் எழுதிக் கேட்கலாம். கல்லைப் பிடுங்கி எறிவதைவிட, தேதி தெரியும்படி படம் எடுத்து, வட்டாட்சியருக்கும் நிலமெடுப்பு அலுவலருக்கும் ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் மனு அனுப்புவது பின்னாளில் பத்து மடங்கு பயன்படும்.

அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் 3சி பிரிவின்கீழ் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். இந்த 21 நாட்களைத் தவறவிட்டவர்கள்தான் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர். அறிவிக்கை இரண்டு நாளிதழ்களில் வரும். ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். எந்தத் தமிழ் நாளிதழின் எந்தப் பக்கத்தில் வரும் என்று சொல்ல முடியாது என்பதால், நிலமெடுப்புப் பேச்சு அடிபடும் ஊரில் யாராவது ஒருவர் தினமும் அரசு அறிவிப்புப் பக்கங்களைப் பார்ப்பதை வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சேபணையில் "நாங்கள் ஏழைகள், நிலம் போனால் வாழ வழியில்லை" என்று மட்டும் எழுதினால் அது உண்மையாக இருந்தும் ஒரே வரியில் தள்ளுபடியாகும். கிணறு, போர்வெல், தென்னை மர எண்ணிக்கை, வாய்க்கால், மாற்றுப் பாதை உண்டா என்பதையெல்லாம் புல எண் வாரியாக எழுதி, நேரில் விசாரிக்கவும் கேட்டிருக்க வேண்டும். விசாரித்து முடிவு செய்த பின்பு 3டி பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தால் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடுகிறது. 3ஏ வெளியாகி ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிக்கை செயலிழக்கும். நீதிமன்றத் தடை இருந்த காலம் அந்த ஓராண்டில் சேராது.

ட்ரோன் விட்டு அளக்கிறார்களே, அதற்கும் அறிவிக்கை வேண்டுமா?

3பி பிரிவு எழுதப்பட்ட காலத்தில் அளப்பவர் வரப்பில் நடந்து வந்தார். அவரை நிறுத்தி யார் நீங்கள் என்று கேட்க முடிந்தது. ட்ரோன் வேலி தாண்டுவதில்லை, மேலே போகிறது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், பறக்கும் கருவிக்குத் தனி அடையாள எண், இயக்குபவருக்குச் சான்றிதழ், வான்பரப்புக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்கள் என்று ஒழுங்குபடுத்துகின்றன. விமான நிலையம் இருக்கும் ஓமலூர்ப் பக்கம் இந்த மண்டலக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. இருந்தாலும் இந்த விதிகளின் கவலை வானத்தின் பாதுகாப்பு. கீழே இருப்பவரின் சம்மதம் அதில் மையமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்திருப்பதால், வீட்டு முற்றத்தைத் தாழப் பறந்து படமெடுப்பதை அந்த அடிப்படையில் எதிர்க்கலாம். விளைநிலத்தின் மேல் பறந்ததை மட்டும் வைத்து நிலமெடுப்பையே நிறுத்திவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், கட்டணம் கொடுக்குமுன் இன்னொருவரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

2013 நிலமெடுப்புச் சட்டம் விவசாயிக்குச் சாதகமானது என்கிறார்களே, அது ஏன் எங்களுக்குப் பொருந்துவதில்லை?

பாதி பொருந்துகிறது. அந்தச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் உட்பட 13 மத்தியச் சட்டங்களை விலக்கி வைத்தது. பின்னர் 2015இல் வந்த மத்திய அரசின் ஆணையால் இழப்பீடும் மறுவாழ்வும் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன. சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் வரவில்லை. அதாவது பணத்தைப் பற்றிப் பேசலாம், சாலை வேண்டுமா என்பதைப் பற்றிச் சமூகத் தாக்க மதிப்பீட்டில் பேச வாய்ப்பில்லை. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மாநில நெடுஞ்சாலைகள் சட்டம், தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்திட்ட நிலமெடுப்புச் சட்டம் ஆகிய மூன்றை விலக்கியது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும், சட்டமன்றம் அதே ஆண்டு அந்த மூன்று சட்டங்களுக்கும் மீண்டும் உயிர் தரும் மீட்புச் சட்டம் ஒன்றை இயற்றியது; 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இழப்பீடு குறைவு என்றால் நடுவரிடம் போக வேண்டும். அந்த நடுவரை நியமிப்பது மத்திய அரசு; நடைமுறையில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர். அவர் முடிவில் குறை இருந்தால் மாவட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம், தொகையை உயர்த்தித் தர முடியாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்குதான். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நடுவரின் முடிவை நீதிமன்றமே திருத்தும் அந்தக் கதவைக் குறுகிய அளவில் திறந்திருக்கிறது.

கருத்துக்கேட்புக் கூட்டம் வெறும் சடங்குதானே?

பல இடங்களில் சடங்காகத்தான் நடக்கிறது. பந்தல், போலீஸ், முதல் வரிசையில் வேலை வாய்ப்பு எதிர்பார்த்து அழைத்து வரப்பட்டவர்கள், மைக்கைப் பிடுங்கும் ஒருவர் என்று காட்சி மாறுவதே இல்லை. ஆனாலும் போகாமல் இருப்பது தவறு. காரணம், 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஊரே புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். புறக்கணித்த காரணம் பதிவாகாது.

அறிவிக்கையில் நமக்குப் பயன்படும் சில விவரங்கள் உண்டு. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வர வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய, மாவட்ட ஆட்சியரோ கூடுதல் மாவட்ட நிர்வாக நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோவாகப் பதிவாக வேண்டும். கடைசியில், சொல்லப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை வந்திருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றே ஒப்பமிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியை யாரும் பயன்படுத்துவதே இல்லை. பேசி முடித்தவுடன் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறோம். நான் வாடிக்கையாளர்களுடன் போன ஒரு கூட்டத்தில், வாசித்துக் காட்டுங்கள் என்று ஓர் ஆசிரியை எழுந்து நின்று கேட்டபோது, மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து வாசிக்கப்பட்ட சுருக்கத்தில் "நீர்நிலை பாதிப்பு குறித்து ஐயம் தெரிவிக்கப்பட்டது" என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. ஏரியின் பெயர், மதகு எண், பாசனப் பரப்பு எல்லாம் காணாமல் போயிருந்தன. அவர் விடாமல் நின்று மூன்றையும் சேர்க்க வைத்தார். பின்னாளில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யும்போது, "இது அப்போதே சொல்லப்பட்டது, மதிப்பீட்டுக் குழு பரிசீலிக்கவில்லை" என்று காட்ட அந்த மூன்று சொற்கள் போதும். பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். ஏற்பு முத்திரை வாங்காமல் வீடு திரும்ப வேண்டாம்.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் கேட்க உரிமை உண்டா?

மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும். முழு அறிக்கை, பெரும்பாலும் பல நூறு பக்கம், ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். 2020இல் மத்திய அரசு புதிய தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை வெளியிட்டபோது, அதை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. புரியாத மொழியில் கருத்துக் கேட்பது கேட்காமல் இருப்பதற்குச் சமம் என்ற எளிய உண்மைக்கு ஒரு நீதிமன்றம் செவிசாய்த்தது நல்ல செய்தி. அனுமதி விண்ணப்பங்கள், கூட்டக் குறிப்புகள், அனுமதிக் கடிதங்கள் ஆகியவை பரிவேஷ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. கணினி உதவியுடன் செய்தவை என்பதால் பொருள் தடுமாறும் இடங்களில் ஆங்கில மூலத்தையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கலாமா?

சட்டம் இங்கே உறுதியாக நிற்கவில்லை. முன் அனுமதி இன்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி தர வழிசெய்த 2017ஆம் ஆண்டு அறிவிக்கையையும் 2021ஆம் ஆண்டு அலுவலகக் குறிப்பையும் 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆறே மாதத்தில், நவம்பர் 18 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, மீண்டும் விசாரிக்கச் சொன்னது. கட்டி முடித்ததை இடிப்பதால் வரும் இழப்பைப் பெரும்பான்மை பார்த்தது. மாறுபட்ட நீதிபதி, முன்னெச்சரிக்கை என்ற கோட்பாடே இதனால் தளர்கிறது என்றார். நான் மாறுபட்டவர் பக்கம். "முன்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்த அனுமதியில் மிச்சமிருப்பது கட்டணம் மட்டுமே.

சுரங்கத்தில் நிலை கொஞ்சம் கறாரானது. அனுமதியின்றி வெட்டிய கனிமத்தின் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்று 2017 ஆகஸ்ட் 2 அன்று ஒடிசா சுரங்க வழக்கில் தீர்ப்பு வந்தது. சுண்ணாம்புக் கரட்டில் தலைமுறைகளாக வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் நம் ஊரில் இதை அறிந்திருப்பது அவசியம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த ஜல்லிக் குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2012 பிப்ரவரித் தீர்ப்பு. சாலை வேலைக்கு மண் எடுக்க அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச்சில் கொடுத்த விலக்கை, 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஏரியில் இரவோடு இரவாக மண் அள்ளுபவர்கள் "இது ஹைவேஸ் வேலைக்கு" என்று சொன்னால் அது இப்போது போதுமான பதிலாகாது.

ஏற்காட்டில் என் சொந்தத் தோட்டத்தில் நானே மரம் வெட்டவும் வீடு கட்டவும் ஏன் அனுமதி?

மலைக்குத் தனிச் சட்டம் உண்டு. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்தப் பட்டா நிலத்திலும் மரம் வெட்டக் குழுவின் அனுமதி தேவை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தை வெட்டி விற்பது தோட்டக்காரருக்கு வருமானம்; மழைத் தண்ணீரை மலை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பது கீழே இருக்கும் ஊர்களின் கவலை. கட்டடத்துக்கு, 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வரும் கிராமங்களில், வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிம வளத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று வாங்கி நகர் ஊரமைப்புத் துறை வழியே போக வேண்டும். எளிய வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைபவரையும் பார்க்கிறேன், சரிவை வெட்டி ரிசார்ட் எழுப்பிவிட்டு வரன்முறைப்படுத்தலுக்குக் காத்திருப்பவரையும் பார்க்கிறேன். பாக்கியிருப்பது அமலாக்கம்.

வனத்துறை நிலத்தில் தலைமுறைகளாக உழும் மலையாளி மக்களுக்கு என்ன பாதுகாப்பு?

சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர். ஆனால் தமிழ்நாட்டில் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதால், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. மிச்சமிருக்கும் வலுவான கருவி 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதுவும் இங்கே தாமதமாகத்தான் வந்தது: 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும் வரை, சட்டம் இருந்தும் இல்லாத நிலை.

2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தைப் பயன்படுத்திவரும் பழங்குடிக் குடும்பம், உண்மையில் பயிரிடும் பரப்புக்கு, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையை ஏற்று விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு உரியது. கிராமம் என்பதற்குள் குக்கிராமமும் அடங்கும். ஆவணம் இல்லை என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உரிமை கோராத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்தால் அதுவும் சான்று. பழைய கல்லறை, கோயில், கல்திட்டு, நட்ட பலாமரம் எல்லாம் பேசும். கோரிக்கைகள் சரிபார்க்கப்பட்டு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 4(5) பிரிவு சொல்கிறது.

நியமகிரித் தீர்ப்பை மலையில் பலர் கேட்டிருக்கிறார்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நம் சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டப்பட்டது. அந்த ஆலையை வைத்திருந்த வேதாந்தா குழுமத்துக்காகவே ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டத் திட்டம் வந்தபோது, மலைத்தெய்வ வழிபாட்டு உரிமை உட்பட எல்லாவற்றையும் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. சேர்வராயன் கோயில் குகைக்கு ஆண்டுதோறும் போகும் நம் மக்களுக்கு அந்தத் தீர்ப்பின் பொருளை நான் விளக்கத் தேவையே இருந்ததில்லை.

இங்கும் வரிசைதான் பிரச்சினை. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்றும் கருத்துருவை அனுப்பும்போதே கிராம சபையின் சம்மதம் இருக்க வேண்டும் என்று 2009இல் மத்திய அரசின் சுற்றறிக்கை கேட்டது. 2022 ஜூனில் வந்த விதிகள், மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பை மாநில அரசிடம் விட்டன. சம்மதம் அதே சம்மதம்தான். கேட்கும் இடம் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்துவிட்டது. எல்லாம் முடிவான பிறகு கேட்கப்படும் கிராம சபை வேறு என்ன சொல்லிவிட முடியும் என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஆண்டில் ஆறு நாட்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, கிராம சபை கூடுகிறது. திட்டம் வருமுன்பே அந்தக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றி வையுங்கள் என்பதே நான் அவருக்குச் சொன்ன பதில்.

திருமணிமுத்தாறு நாறுகிறது. யார் மேல் வழக்குப் போடுவது?

சேர்வராயனில் தெளிந்த நீராகப் புறப்பட்டு, சேலம் நகரைக் கடக்கும்போது சாயக் கழிவும் சாக்கடையும் வாங்கிக்கொண்டு காவிரிக்குப் போகும் ஆறு இது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996 ஆகஸ்ட் 28 அன்று இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மீதான வேலூர் வழக்கு. நொய்யல் வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளையே மூடும்படி உயர் நீதிமன்றம் சொன்னது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், தாமதத்துக்குக் காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. வழக்குக்கு முன், ஆலை இயங்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். இசைவாணையில் உள்ள நிபந்தனைக்கும் வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்கள் வழக்கு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனை 2024 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை தண்டத் தொகையாக மாறியிருக்கிறது. பெரிய ஆலைக்கு இது ஒரு மாதச் செலவுக் கணக்கில் ஒரு வரி.

பருவநிலை மாற்றத்துக்கு எதிராக உரிமை உண்டா?

உண்டு என்று 2024 மார்ச் 21 தேதியிட்ட தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மண் விலக்கு ரத்தான அதே நாள். அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகளிலிருந்து இந்த உரிமை பிறப்பதாகச் சொன்ன அந்த வழக்கில்தான், சூரிய மின்சாரத்துக்காகக் கானமயில் வாழும் பகுதியின் மின்கம்பிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த உரிமையை வைத்து மரவள்ளி கருகியதற்கு இழப்பீடு வாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இன்றைய நிலையில் என் பதில்: பயிர்க் காப்பீட்டுத் தவணையைத் தவறாமல் கட்டுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பதிவுக்கு நிர்வாகி சிறை போக வேண்டுமா?

நிர்வாகியாக இருந்தார் என்பது மட்டுமே குற்றம் ஆகாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. எரிச்சலூட்டும் இணையப் பதிவுக்கு மூன்றாண்டுச் சிறை தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் போய்விட்டது. ஆனால் மற்றவர் எழுதியதைப் பகிர்ந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதலாம் என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "நான் ஃபார்வர்டு மட்டும்தான் பண்ணேன்" என்பது காவல் நிலையத்தில் எடுபடாது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவாகத் தண்டனையுள்ள பேச்சுக் குற்றங்களில், முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே முறை என்று உச்ச நீதிமன்றத்தின் 2025 மார்ச் 28 தீர்ப்பு அறிவுறுத்துகிறது. அழைப்பாணை வந்தால் அந்தத் தீர்ப்பைச் சுட்டிப் பதில் கொடுக்கச் சொல்கிறேன்.

போராட்டத்துக்கு அனுமதி மறுத்தால்?

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வாய்மொழியாகச் சொன்னதை எதிர்த்து வழக்காடுவது கடினம்.

மண் அள்ளுவதை வீடியோ எடுத்திருக்கிறேன். நீதிமன்றம் ஏற்குமா?

ஏற்கும், ஆனால் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, கருவி வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் வல்லுநர் ஒரு பகுதியையும் நிரப்பிய சான்றிதழில், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணெழுத்துக் குறி) இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி வேறாகிவிடும். அதனால் எடுத்த கைபேசியிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள். கைபேசியை விற்காதீர்கள், துடைத்து அழிக்காதீர்கள். ஊரே அந்த வீடியோவைப் பார்த்திருக்கும், எடுத்தவர் கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருப்பார். இப்படித் தோற்ற வழக்கு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.

தனிநபர் தகவல் என்று சொல்லித் தகவல் உரிமை மனுவை மறுக்கிறார்களே?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கியதன் விளைவு இது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்தது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே விலக்கு. நம் தரவைத் திரட்டும் நிறுவனங்களுக்கு அதே சட்டம் விதிக்கும் முக்கியக் கடமைகளுக்கோ 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. குடிமகனின் கேள்வியைச் சுருக்கும் பகுதி முதலில் வந்துவிட்டது.

இருந்தும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. வெளியிடுவதில் உள்ள பொதுநலன், அதனால் வரும் தீங்கைவிடப் பெரியது என்றால் தகவல் தரலாம். எனவே மனுவிலேயே, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, எந்தப் பொதுநலனுக்காகக் கேட்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்று பெயரோடு கேட்காமல், புல எண், பரப்பு, மர எண்ணிக்கை, தொகை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மனு அனுப்பிய அன்றே இந்தத் தேதிகளைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.